வீடு மாற்றம்: ஏழு சேதங்கள், காணாமல்போன ஒரு ஸ்க்ரூ பை

மூன்றாம் மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. சாமான் மொத்தமும் ஒரே லாரியில், சுமார் 450 கிலோமீட்டர் இரவுப் பயணம். கட்டி முடிக்க ஒன்றரை நாள். அட்டைப்பெட்டிகளில் பாதி புதியவை, பாதி கடைகளில் கேட்டு வாங்கிய பழையவை. பபிள் ராப் தாராளமாக இருந்தது. லாரி எங்கும் மோதவில்லை, மழை பெய்யவில்லை, இறக்கும்போது எந்தப் பெட்டியும் கைநழுவி விழவில்லை. ஆய்வுக்காக வகுத்துக்கொண்ட மாதிரி வீடு இது. இதில் வரும் சேதங்கள் மட்டும், சாமான் ஏற்றி இறக்கும் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் பார்த்துப் பழகியவை.

இறக்கிப் பிரித்தபோது கண்டவை:

1. பீங்கான் தட்டுப் பெட்டியில் 12 தட்டுகளில் அடியிலிருந்த ஐந்து விரிசல். மேலே இருந்த ஏழும் முழுசு.
2. புத்தகப் பெட்டி ஒன்று அடி பிரிந்து கொட்டியது. அதற்குக் கீழே இருந்த பெட்டி ஒரு மூலையாக நசுங்கியிருந்தது.
3. டிவியில் வெளியே கீறல்கூட இல்லை. போட்டதும் திரையின் நடுவிலிருந்து கோடுகள்.
4. ஃப்ரிட்ஜ் ஓடுகிறது, குளிரவில்லை.
5. முன்பக்கக் கதவு வாஷிங் மெஷின் பிழியும் கட்டத்தில் தடதடவென்று இடிக்கிறது.
6. பாலிஷ் போட்ட மேசையின் மேல்பரப்பு முழுக்க வட்ட வட்டத் தடங்கள்.
7. துணிப் பெட்டிக்குள் ஷாம்பு கசிவு.

கூடவே, கட்டிலை மறுபடி பூட்டுவதற்கான ஸ்க்ரூக்கள் இருந்த பை எந்தப் பெட்டியில் போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்காரர் சொல்லும் காரணம் எப்போதும் ஒன்றுதான்: "லாரிக்காரர் கண்டபடி ஓட்டியிருப்பார்." இந்த ஏழில் ஓட்டுநர் தலையில் முழுதாகக் கட்டக்கூடியது ஒன்றுகூட இல்லை. ஏறக்குறைய எல்லாமே லாரி கிளம்புவதற்கு முன்பே முடிவாகிவிட்டது. பெட்டிக்குள் விட்ட காலியிடம், பொருளை வைத்த நிலை, பெட்டியின் எடை ஆகிய மூன்றுமே ஏறக்குறைய எல்லாவற்றையும் தீர்மானித்திருக்கின்றன. பொருளைச் சுற்றிய உறையின் தடிமனுக்கு நாலாவது இடம்தான்.

பெட்டி தாங்க வேண்டியவை

பயணத்தில் ஒரு பெட்டிக்கு மூன்று விதமான தொல்லை வரும்: கீழே வைக்கும்போதும் விழும்போதும் ஏற்படும் அடி, வண்டி ஓடும் நேரமெல்லாம் நிற்காத அதிர்வு, மேலே அடுக்கியவற்றின் பாரம்.

அடியை எளிதாகக் கணக்கிடலாம். இடுப்பு உயரத்திலிருந்து, அதாவது 75 சென்டிமீட்டரிலிருந்து, ஒரு பொருள் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடியில் போட்ட கசக்கிய காகிதம் நசுங்கி, பொருள் 2.5 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நின்றால், நிற்கும் நேரத்தில் சராசரியாக அதன் எடையைப் போல் 30 மடங்கு விசை அதன்மேல் விழும். காகிதம் இல்லாமல் அட்டை மட்டும் நசுங்கி 2.5 மில்லிமீட்டரில் நின்றால் அதுவே 300 மடங்கு. அடிப்பாகத்துத் திணிப்பு மெத்தென்று இருந்தால் போதாது, நசுங்குவதற்கு அதில் தூரம் இருக்க வேண்டும். ஒரு சுற்று பபிள் ராப் கையால் தொட மென்மையாகத்தான் இருக்கும். நசுங்க அது தருவது சில மில்லிமீட்டர்தான்.

அதிர்வின் வேலை வேறு. ஒவ்வொரு குலுக்கலும் சிறியது. ஆனால் இரவு முழுக்க நடக்கிறது. கசக்கிப் போட்ட காகிதம் மெல்ல மெல்லத் தணிந்து உட்கார, மேலே இடைவெளி பிறக்கிறது. வீட்டில் ஆட்டிப் பார்த்தபோது சத்தமே வராத பெட்டி நூறு கிலோமீட்டர் கடந்ததும் கலகலக்கத் தொடங்குவது இதனால்தான். பெட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கமாகவே நிரப்ப வேண்டும்: மூடியின் மடல்களைக் கையால் லேசாக அழுத்தினால்தான் சேர வேண்டும், அதற்காக மேல்பக்கம் உப்பவும் கூடாது. உப்பிய பெட்டியின்மேல் எதுவும் நேராக உட்காராது.

பாரத்தைத் தாங்குவதில் அட்டைப்பெட்டியின் பெரும்பலம் அதன் நான்கு செங்குத்து மூலைகளில் இருக்கிறது; நடுச்சுவர் வளைந்து கொடுத்துவிடும். எனவே ஒரே அளவுப் பெட்டிகளை மூலைக்கு நேர் மூலையாக அடுக்குவதுதான் பலம். செங்கல் சுவர்போல் மாற்றி மாற்றி அடுக்கினால் சாயாது, உண்மைதான்; ஆனால் மேல்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் நடுப்பக்கத்தில் போய் நிற்கும். நேராக அடுக்கிப் பட்டையால் இழுத்துக் கட்டுவது மேல்.

தட்டுப் பெட்டி

ஐந்து தட்டும் அடியிலிருந்தவை என்பதிலேயே விடை இருக்கிறது. 12 தட்டுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து, மொத்தக் கட்டுக்கும் சேர்த்து பபிள் ராப் சுற்றியிருந்தார்கள். தட்டுகளுக்கிடையே ஒரு தாள் மட்டும். பெட்டியின் அடியில் மடித்த துண்டு ஒன்று, பக்கங்களில் ஒன்றும் இல்லை.

படுத்திருக்கும் தட்டின் அடிவளையம் கீழ்த்தட்டின் குழியில் உட்காரும். கீழ்த்தட்டின் அந்தப் பகுதிக்கு அடியில் தாங்கல் கிடையாது. ஒவ்வொரு குலுக்கலிலும் மேலே உள்ள பத்துப் பதினொரு தட்டின் பாரம் அங்கே இறங்கித் தட்டை வளைக்கப் பார்க்கும். பீங்கான் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். வளையும்போது அடிப்பரப்பில் உண்டாகும் இழுவையைத் தாங்காது. அதே தட்டை விளிம்பில் நிறுத்திவைத்தால் பாரம் தட்டின் தளம் வழியாகவே நேராகக் கீழே போகும், வளைவதற்கு வாய்ப்புக் குறைவு.

சரியாகக் கட்டும் முறை இது. இரட்டைச் சுவர் (இரண்டு நெளிவு அடுக்கு உள்ள) அட்டைப்பெட்டி, ஏறக்குறைய 45×45 சென்டிமீட்டர் அடி, 60 சென்டிமீட்டர் உயரம். அடியில் நடுக்கோட்டில் 48 மில்லிமீட்டர் டேப் இரண்டு வரிசை, இருபுற ஓரத்திலும் ஒவ்வொரு வரிசை. டேப் பெட்டியின் பக்கச் சுவரில் 7–8 சென்டிமீட்டராவது ஏறியிருக்க வேண்டும். உள்ளே அச்சடிக்காத காகிதத்தைக் கசக்கி 8 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்ப வேண்டும். கசக்குவது என்றால் பந்தாக உருட்டுவது கிடையாது. இறுக்கி உருட்டிய பந்து கல்போல ஆகிவிடும். விரல் விட்டால் மெல்ல விரியும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும். செய்தித்தாள் மை வெள்ளைப் பீங்கானில் ஒட்டும், துணியில் ஒட்டினால் போகாது. அதை வெளித்திணிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

தட்டை இரண்டு தாளின் மூலையில் வைத்து, எதிர்மூலை வரை புரட்டிக்கொண்டே போய் இரு ஓரத்தையும் உள்ளே மடிக்க வேண்டும். இப்படிச் சுற்றிய மூன்று நான்கு தட்டுகளைச் சேர்த்து இன்னொரு தாளில் ஒரே கட்டாக்கி, பெட்டியில் விளிம்பில் நிறுத்த வேண்டும். பெரியவை நடுவில், சிறியவை ஓரத்தில், பெட்டிச் சுவருக்கும் கட்டுக்கும் நடுவில் குறைந்தது 3–4 சென்டிமீட்டர் காகிதம். ஒரு அடுக்கு முடிந்ததும் மேலே கொஞ்சம் காகிதம், ஓர் அட்டைத்துண்டு. அடுத்த அடுக்கில் கிண்ணங்கள், அவையும் நிறுத்தித்தான். எல்லாவற்றுக்கும் மேலே கப்பும் கண்ணாடி டம்ளரும்: உள்ளே காகிதம் திணித்து, வெளியே சுற்றி, வாய்ப்பக்கம் கீழாக. தண்டுள்ள கோப்பையாக இருந்தால் முதலில் தண்டைத் தாளால் உருட்டி, கோப்பையின் அகலத்துக்கே கொண்டுவந்து, பிறகுதான் முழுவதையும் சுற்ற வேண்டும். தேநீர்க் கெட்டிலின் மூடியை அதன் மேலேயே வைத்துக் கட்டினால் இரண்டும் போகும். மூடியைத் தனியாகச் சுற்றி, அதே கெட்டிலின் பக்கத்தில் வைக்கலாம்.

கடைசி 5–8 சென்டிமீட்டர் காகிதம்தான். மடல்களை மூடி, டேப் ஒட்டாமல் நடுவில் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக்கூடாது. பெட்டியின் அடிமூலையைப் பிடித்து லேசாக ஆட்டிக் காது வையுங்கள். 'டிக்' என்று ஒன்று கேட்டாலும் பிரித்துத் திணிக்க வேண்டியதுதான். ஒரு பெட்டிக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ காகிதம் போகும். இவ்வளவா என்று பலர் மலைப்பார்கள். இந்த வீட்டில் ஆறு பெட்டிக்குமாகச் செலவானதே அவ்வளவுதான்.

சமையலறைத் துணிகளையும் சட்டைகளையும் தட்டுகளுக்கு நடுவில் திணிப்பது மிச்சம்பிடிக்கும் வழியாகத் தோன்றும். தட்டுக்கும் தட்டுக்கும் இடையே அது போதாது, எளிதில் நகர்ந்து இடம் விட்டுவிடும். பெட்டியின் பெரிய காலியிடத்தை அடைக்கத் தலையணையும் கம்பளியும் அருமை.

இந்தப் பெட்டிக்கு நேர்ந்த இன்னொன்றும் உண்டு. "உடையும் பொருள், கடைசியில் ஏற்றுவோம், முதலில் பத்திரமாக இறக்கிவிடலாம்" என்று அதை லாரியின் பின்கதவோரம் வைத்திருந்தார்கள். நல்லெண்ணம்தான், இடம்தான் தப்பு. பின்சக்கர அச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதிதான் ஒவ்வொரு பள்ளத்திலும் மிக அதிகமாக எகிறும். உடையும் பெட்டிகளின் இடம் இரு அச்சுக்கும் நடுவே, மேலடுக்கில், இறுக்கமாக. வால்பக்கத்தில் மெத்தை, துணிமூட்டை, பிளாஸ்டிக் நாற்காலி போன்றவை இருக்கட்டும்.

புத்தகம்

அடிமடல்களை ஒன்றுக்குள் ஒன்று சொருகி மூடியிருந்தார்கள், டேப் இல்லை. பொம்மைகளுக்கு அது தாங்கும். பெட்டியோ 45×45×40 சென்டிமீட்டர், அதாவது 81 லிட்டர். புத்தகம் லிட்டருக்கு ஏறக்குறைய 600–700 கிராம் வரும், ஆக நிரம்பிய பெட்டி 50 கிலோ. தூக்கியவர் மாடிப்படியில் அதைத் தூக்கவில்லை, இறக்கிவிட்டுக்கொண்டே வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு படியிலும் அடிமடல் கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறந்தது.

புத்தகத்துக்கு 40×30×30 அளவே எல்லை. அதிலேயே 20 கிலோவைத் தாண்டிவிடும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், எல்லாம் சாதகமாக அமைந்த நிலையில்கூட ஒருவர் கையால் தூக்க 23 கிலோவைத்தான் மேல் அளவாக வைக்கிறது. மாடிப்படியில், திருப்பத்தில், உடம்பைவிட்டுத் தள்ளிப் பிடித்துத் தூக்குவது சாதகமான நிலையே இல்லை. 15–18 கிலோவோடு நிறுத்தி, மீதி உயரத்தைத் துணியால் நிரப்பினால் பெட்டியும் பிழைக்கும், தூக்குபவர் முதுகும் பிழைக்கும்.

பெரிய பெட்டி என்றால் அதற்கேற்ற பலமும் இருக்கும் என்ற நினைப்பு தவறு. 1963-ல் மெக்கீ என்பவர் வெளியிட்டு இன்றும் அட்டைப்பெட்டித் தொழிலில் புழங்கும் சூத்திரத்தின்படி, ஒரே அட்டையில் செய்த பெட்டியின் அடுக்குப் பலம் அதன் சுற்றளவின் வர்க்கமூலத்தைப் பொறுத்துத்தான் கூடும். எல்லா அளவையும் இரட்டிப்பாக்கினால் உள்ளே எட்டு மடங்கு சாமான் போகும், பலமோ 1.4 மடங்குதான் ஆகும். கீழ்ப்பெட்டி நசுங்கியது ஏன் என்பதும் இங்கே விளங்கும். அது பழைய பெட்டி, முக்கால்வாசிதான் நிரம்பியிருந்தது, தலைமேல் 50 கிலோ. ஒருமுறை ஈரமான, மூலை மடங்கிய பெட்டி காய்ந்த பிறகும் பழைய பலத்துக்குத் திரும்பாது. சேகரித்த பெட்டிகளைத் துணிக்கும் தலையணைக்கும் வைத்துக்கொண்டு, எடைக்கும் உடையும் பொருளுக்கும் புதியதை ஒதுக்குவது சரி.

புத்தகங்களைப் படுக்கவைத்து, முதுகுப்பக்கத்தை மாற்றி மாற்றி அடுக்கலாம். அல்லது அலமாரியில் நிற்பதுபோல நிறுத்தலாம். முதுகுக்கு எதிரேயுள்ள வெட்டுப்பக்கம் கீழாக நிறுத்தினால் உள்தாள்கள் அட்டையிலிருந்து பிரிந்து தொங்கிவிடும்.

டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின்

டிவியைக் கெடுத்தது மெத்தை. பபிள் ராப் சுற்றி, முகம் கீழாக மெத்தைமேல் படுக்கவைத்தார்கள். இதைவிடப் பாதுகாப்பான இடம் வேறெது என்று யாருக்கும் தோன்றும். மெத்தை நடுவில் தணிந்தது, தட்டையான பெரிய கண்ணாடித்தகடும் கூடவே வளைந்தது, மேலே யாரோ ஒரு தலையணை மூட்டையையும் போட்டார்கள். டிவி எப்போதும் நின்றபடிதான் போக வேண்டும். வாங்கிய பெட்டியும் ஃபோம் அச்சும் இருந்தால் அதற்கு ஈடு கிடையாது. இல்லாவிட்டால் திரைக்கு மேல் மெல்லிய ஃபோம் தாள், அதன்மேல் விளிம்புச் சட்டத்தில் மட்டும் தாங்கும்படி ஃபோம் பட்டை, அதற்கு வெளியே வளையாத பலகை அல்லது தடித்த அட்டை. திரையின் நடுப்பகுதியை எதுவும் அழுத்தக்கூடாது. காலைக் கழற்றிவிட வேண்டும். தூக்கும் இருவரும் கீழ்விளிம்பையும் பக்கச் சட்டத்தையும் பிடிக்க வேண்டும், கட்டைவிரல்கூடத் திரையில் பதியக்கூடாது.

ஃப்ரிட்ஜைப் படுக்கவைத்துக் கொண்டுவந்து, இறக்கிய ஒரு மணி நேரத்தில் சுவிட்சைப் போட்டார்கள். படுக்கும்போது கம்ப்ரசருக்குள் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் வழிகிறது. அது திரும்ப இறங்குமுன் ஓட்டினால் கம்ப்ரசர் எண்ணெயின்றித் தேயும், எண்ணெய் போய் மெல்லிய குழாயையும் அடைக்கும். நிமிர்த்தி ஏற்றுவதே வழி. படுக்கவைத்தே ஆக வேண்டுமென்றால் கையேடு சொல்லும் பக்கமாக மட்டும். இறக்கியபின் எவ்வளவு நேரம் படுத்திருந்ததோ அவ்வளவு நேரமாவது நிற்கவிட வேண்டும், இரவுப் பயணம் முழுதும் படுத்திருந்தால் 24 மணி நேரம். நிமிர்ந்தே வந்தாலும் இரண்டு மூன்று மணி நேரம் பொறுப்பது நல்லது. கிளம்புவதற்கு ஒரு நாள் முன்பே அணைத்து, பனி உருகி, தண்ணீர்த் தட்டைக் காலிசெய்து, உள்ளே துடைத்திருக்க வேண்டும். கண்ணாடித் தட்டுகளைக் கழற்றித் தனியாகச் சுற்றிவிட வேண்டும்.

வாஷிங் மெஷினின் தொட்டி ஸ்ப்ரிங்கில் தொங்கிக்கொண்டிருக்கிறது. புதிதாக வந்தபோது அதை உடலோடு இறுக்கிப் பிடித்திருந்த பயண போல்ட்டுகள், பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு, பின்பக்கத்தில் இருந்திருக்கும். பொருத்த வந்தவர் அவற்றைக் கழற்றிக் கையில் கொடுத்திருப்பார், அதற்குப் பிறகு அவற்றை யார் பார்த்தது? போல்ட் இல்லாமல் 450 கிலோமீட்டர் தொட்டி ஊசலாடியதில் அதிர்ச்சித் தாங்கிகள் போயின. மாடல் எண்ணைச் சொன்னால் உதிரிப்பாகமாக வாங்க முடியும். கிளம்புமுன் குழாயிலும் கீழே உள்ள வடிகட்டியிலும் நிற்கும் தண்ணீரை ஒரு அகலத் தட்டில் வடித்துவிட வேண்டும், இல்லையென்றால் அது பக்கத்துச் சாமானின் மேல்தான் வடியும். புது வீட்டில் முதல் வேலை அந்த போல்ட்டுகளைக் கழற்றுவது. மறந்து ஓட்டினால் மெஷின் அறையில் நடைபோடும், உள்ளேயும் உடையும்.

மற்றவை

மேசையில் விழுந்தது பபிள் ராப்பின் அச்சு. பபிள் ராப்பை நேரடியாகப் பாலிஷ்மேல் சுற்றி, அதன்மேல் ஒட்டும் பிளாஸ்டிக் உறையை இழுத்துக் கட்டினார்கள்; மூடிய லாரிக்குள் சூடேறி, பாலிஷ் இளகி, ஒவ்வொரு குமிழும் தன் வட்டத்தைப் பதித்தது. 1957-ல் பபிள் ராப் முதன்முதலில் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளாகத்தான் உருவாக்கப்பட்டது என்பதை நினைத்தால், மேசை அலங்காரம் ஆனதில் வியப்பில்லை. மரம், தோல், ஓவியம் எதுவானாலும் முதலில் துணி அல்லது வெறும் காகிதம், அதற்குப் பிறகுதான் பிளாஸ்டிக் எதுவும். கண்ணாடி மேல்பலகையைக் கழற்றி, மூலைகளுக்கு அட்டைக் காப்பு போட்டு, நிறுத்தியே கொண்டுபோக வேண்டும். கண்ணாடிமேல் டேப்பைப் பெருக்கல் குறியாக ஒட்டுவது உடைவதைத் தடுக்காது, உடைந்த துண்டு சிதறாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவே.

ஷாம்பு கசிந்ததற்கு மூடி தளர்ந்தது காரணம். மூடியைத் திறந்து வாயில் பிளாஸ்டிக் தாள் வைத்து மறுபடி திருகி, ஜிப் பையில் போட்டு, நிறுத்திவைத்தால் தீர்ந்தது. திரவங்களைத் துணியோடு சேர்க்கவே வேண்டாம். பெயின்ட் கரைப்பான், ஸ்ப்ரே டின், எரிவாயு, ப்ளீச் ஆகியவை லாரியில் ஏறக்கூடாது. பவர் பேங்க், மருந்து, பத்திரங்கள், ஹார்ட் டிஸ்க் எல்லாம் கையோடு.

ஸ்க்ரூ பை, "இதர சாமான்" என்று எழுதிய நான்கு பெட்டிகளில் ஒன்றின் அடியில் மூன்று வாரம் கழித்துக் கிடைத்தது. ஒவ்வொரு மரச்சாமானுக்கும் தனி ஜிப் பை, மேலே பெயர், அதை அந்தச் சாமானின் பாலிஷ் இல்லாத உட்புறத்திலேயே டேப்பால் ஒட்டிவிட வேண்டும். கழற்றுமுன் மூட்டுகளை ஒரு புகைப்படம். துகள்பலகை (பார்ட்டிகிள் போர்டு) அலமாரியை முழுதாக இழுத்து நகர்த்தினால் ஸ்க்ரூ பிடித்திருக்கும் துளை விரிந்துவிடும், பிறகு எந்த ஸ்க்ரூவும் நிற்காது; காலியாக்கித் தூக்கவும்.

அளவும் வரிசையும்

இப்படிப்பட்ட வீட்டுக்குச் சிறிய பெட்டி 15–20, நடுத்தரம் 20–25, இரட்டைச் சுவர் 5–6 போதும். 65 மீட்டர் டேப் ஆறு ரோல், வெறுங்காகிதம் 18–20 கிலோ, ஒரு மீட்டர் அகல பபிள் ராப் 50 மீட்டர். ஒன்றரை நாள் காணாது. சமையலறை மட்டுமே இருவருக்கு ஒரு முழு நாள் பிடிக்கும், அதைக் கடைசி அரைநாளுக்குத் தள்ளியதுதான் இந்த வீட்டில் தட்டுகளை அடுக்கிய அவசரத்துக்குக் காரணம். பரணும் புத்தகமும் முதலில், சமையலறை கடைசிக்கு முந்தின நாள்.

பெட்டி எண்ணையும் போக வேண்டிய அறையையும் மேலே எழுதினால் அடுக்கியபின் தெரியாது. அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் எழுத வேண்டும். எண்ணும் உள்ளே இருப்பதும் தனி நோட்டில். காப்பீடு எடுத்திருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பல ஒப்பந்தங்களில் வீட்டுக்காரர் தாமே கட்டிய பெட்டிக்குள் உடைந்ததற்கு இழப்பீடு கிடையாது. கட்டுமுன் எடுத்த படமும், வெளியே நசுங்கிய பெட்டியைப் பிரிக்குமுன் எடுத்த படமும், இறக்கிய இடத்திலேயே ரசீதில் எழுதிய குறிப்பும் இருந்தால்தான் பேச்சுக்கே இடம் உண்டு.

பிரிக்கும்போது தட்டுப் பெட்டிகளை மேசைமேல் வைத்து, அடியில் துணி விரித்துப் பிரியுங்கள். கசக்கிய காகிதத்தை ஒவ்வொன்றாக விரித்து உதறிவிட்டு ஒதுக்குங்கள். கெட்டில் மூடி, சிறு கரண்டி, மிக்சர் பிளேடு எல்லாம் குப்பைக்குப் போவது அந்தக் காகிதத்தோடுதான்.